வெளிநாட்டில் போய் இறங்கியதும் போன் ஊமையாகாமல் இருக்க

ரோமிங் (நம் ஊர் சிம்மையே வெளிநாட்டிலும் ஓட்டுவது) போடலாமா, இல்லை அங்கேயே போய் ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாமா? பயணம் என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். உங்கள் பழைய எண் உயிரோடு இருக்க வேண்டும், டேட்டாவும் ஓட வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே சிம்மின் தலையில் கட்டும்போதுதான் பெரும்பாலும் பில் எகிறுகிறது.

முதலில் எண். பழைய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொண்டு ஒருமுறை சுற்றினேன். ராத்திரி அறை பதிவு செய்யக் கார்டு எண்ணைப் போட்டால், ஓடிபி பர்ஸில் தூங்கும் சிம்முக்குப் போகிறது. சிம் தட்டைத் திறக்க ஊசி தேடி, மாற்றி, சிக்னல் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதனால் பழைய சிம் போனிலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள், பல சிம்களில் அது அணைந்துதான் கிடக்கும். கூடவே, வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டா, வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பொறி வாய்ஸ்மெயில், அதாவது எடுக்காத அழைப்புக்குக் குரல் செய்தியைப் பதிந்து வைக்கும் வசதி. வெளிநாட்டில் இருக்கும்போது நீங்கள் எடுக்காத அழைப்பு உங்கள் போனுக்கு வந்து, பிறகு வாய்ஸ்மெயிலுக்காகச் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போகும்; சில நிறுவனங்களில் போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம். ##002# என்று அழுத்தி டயல் செய்தால் எல்லா கால் ஃபார்வர்டிங்கும் (அழைப்பை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது) ரத்தாகிவிடும், ஆனால் இதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னாலேயே செய்துவிடுங்கள்.

அடுத்து டேட்டா. குறுகிய பயணம் என்றால் இ-சிம்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்தான் என் தேர்வு. *#06# அழுத்தினால் வரும் பட்டியலில் இஐடி என்று ஓர் எண் இருந்தால், உங்கள் போன் பெரும்பாலும் இ-சிம் ஏற்கும். போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருந்தால் இ-சிம், உள்ளூர் சிம் எதுவும் வேலை செய்யாது, அதையும் முன்பே பார்த்துவிடுங்கள். இ-சிம்மை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவுங்கள், ஏனென்றால் இ-சிம் விற்பவர் அனுப்பும் க்யூஆர் கோடை ஏற்றவே இன்டர்நெட் வேண்டும். நிறைய க்யூஆர் கோடுகள் ஒரே தடவைதான் செல்லும், சரியாக வரவில்லையே என்று அவசரப்பட்டு இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். பேக்கின் நாள்கணக்கு எப்போது தொடங்குகிறது, நிறுவியதுமா, அங்கே நெட்வொர்க் பிடித்ததுமா என்று படித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தங்குவதானால் உள்ளூர் சிம்தான் பெரும்பாலும் லாபம், பல நாடுகளில் பாஸ்போர்ட் கேட்பார்கள். துருக்கியில் ஒரு சிக்கல்: வெளியிலிருந்து கொண்டுபோன போனில் உள்ளூர் சிம் போட்டால், 120 நாளுக்குள் போனைப் பதிவு செய்யாவிட்டால் அங்கே முடக்கிவிடுவார்கள்.

இப்போது செட்டிங்ஸ். டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்தது போதாது. ஐபோனில் "செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் போன் தானாகவே பழைய சிம்மின் டேட்டாவுக்குத் தாவக்கூடும். அதை ஆஃப் செய்துவிடுங்கள். இ-சிம்மில் மட்டும் டேட்டா ரோமிங் ஆனில் இருக்க வேண்டும். ஆமாம், இங்கேதான் பலரும் குழம்பி இரண்டையும் அணைத்துவிட்டு நெட் வரவில்லை என்பார்கள். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பழைய எண்ணிலேயே அது பாட்டுக்கு ஓடும்.

நாட்டுக்கு நாடு கதை வேறு. சீனாவில் உள்ளூர் சிம்மிலோ ஹோட்டல் வைஃபையிலோ வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது, வெளிநாட்டு சிம்மின் ரோமிங் டேட்டா சொந்த நாடு வழியாகச் சுற்றி வருவதால் அதில் பெரும்பாலும் திறக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங் கூடுதல் கட்டணம் கிடையாது, அங்கே வாங்கிய சிம் பக்கத்து நாட்டிலும் ஓடும். சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை, எல்லையோரமாகப் போகும்போதே போன் அந்த டவரைப் பிடித்துக்கொள்ளும். கப்பலிலும் விமானத்திலும் ஏரோபிளேன் மோட்தான், அங்கே கிடைப்பது சாட்டிலைட் வழி வரும் சிக்னல், சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. ரொம்பப் பழைய போனா? அமெரிக்காவில் 2022இலும் ஆஸ்திரேலியாவில் 2024இலும் 3ஜியை மூடிவிட்டார்கள், வோல்ட்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இல்லாத போனில் பெரும்பாலும் அழைப்பே போகாது.

சிக்னலே இல்லாத நேரத்துக்கும் ஏற்பாடு வேண்டும். போகும் ஊரின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. எண்களை + போட்டு நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள், முக்கியமான இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதி போனோடு சேராத பையில் வையுங்கள்.

இறங்கியதும் நெட் வரவில்லையா? ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள், அப்புறம் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் இ-சிம்காரர் அனுப்பிய மெயிலில் ஏபிஎன் (டேட்டாவை இணைக்கப் போனில் தர வேண்டிய ஒரு பெயர்) இருக்கும், அதை அப்படியே செட்டிங்ஸில் தட்டுங்கள். அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்க வேண்டும், நெட் இல்லாமல் மெயில் திறக்காதே.