ராத்திரி வண்டி எடுக்கும் முன் டிரைவரிடம் என்ன பார்ப்பது

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஆம்னி பஸ்களுக்கு டிரைவர் போட்டு அனுப்புவது என் வேலை. ஒன்பது மணி வண்டி என்றால் எட்டு மணிக்கே டிரைவரைப் பார்த்துவிடுவேன். அந்த நேரத்தில் எல்லோரும் தெம்பாகத்தான் இருப்பார்கள். கண் சொக்குவது ராத்திரி இரண்டிலிருந்து ஐந்துக்குள், வண்டி திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே ஓடும்போது. அதனால் ஆளைப் பார்ப்பதைவிட அவர் தூங்கிய கணக்கைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

"தூங்குனீங்களாண்ணே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "காலையில வண்டிய எப்ப விட்டீங்க? எங்க படுத்தீங்க? எப்ப எழுந்தீங்க?" என்று கேளுங்கள். வெயில் காலத்தில் வண்டி டிக்கியில் படுத்தவர் சொல்லும் ஐந்து மணி நேரத்தை நான் மூன்றாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

கணக்குக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் மெக்கல்லக்கும் 2005-ல் சொன்ன முறை போதும். கடைசி 24 மணி நேரத்தில் 5 மணி நேரமாவது, 48 மணி நேரத்தில் 12 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: எழுந்ததிலிருந்து வேலை முடியும் வரை விழித்திருக்கும் நேரம், அந்த 48 மணி நேரத்தில் தூங்கியதைத் தாண்டக் கூடாது. மாலை நாலு மணிக்கு எழுந்தவர் காலை எட்டு மணிக்கு நாகர்கோவில் சேர்ந்தால் 16 மணி நேரம் ஆகிறது. அவர் தூங்கியது 13 என்றால், ஐந்து மணிக்குள் அடுத்தவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். எங்கே மாற வேண்டும் என்பதை டிரிப் ஷீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டு நாள் வேலைக்கு நடுவே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வீட்டுக்குப் போக, வர, குளிக்க, சாப்பிட எல்லாம் அந்த ஒன்பதுக்குள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், குடித்திருக்கிறாரா என்று பார்க்க ஊதும் மெஷின். வாய் கொப்பளிக்கும் மருந்தோ இருமல் டானிக்கோ எடுத்திருந்தால் கால் மணி நேரம் கழித்து ஊதச் சொல்லுங்கள். மெஷினை அளவு சரிபார்க்க அனுப்பும் தேதியை அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். சளி மாத்திரை போட்டாரா என்றும் கேளுங்கள். தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் கலந்தது என்றால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

எவ்வளவு சட்டென்று கை அசைகிறது என்று பார்க்க, போனில் புள்ளி தெரிந்ததும் தொடும் மூன்று நிமிடச் சோதனையும் நல்லதுதான். ஆனால் நன்றாகத் தூங்கி வந்த நாளில் எடுத்த அவருடைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்காரரை இருபத்தைந்து வயதுப் பையனோடு ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

சோர்வு என்று நிறுத்தினால் அன்றைய பேட்டாவைப் பிடிக்காதீர்கள். ஒருவருக்குப் பிடித்தாலே போதும், மறுநாளிலிருந்து டிப்போவில் எல்லோரும் எட்டு மணி நேரம் தூங்கியவர்கள் ஆகிவிடுவார்கள்! முதலாளியிடம் இதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி சமயத்தில் ஸ்பேர் டிரைவர் கிடைக்க மாட்டார். குறைவது ஒரு மணி நேரத் தூக்கம் என்றால், பயணிகளுக்குச் சொல்லிவிட்டு வண்டியைத் தாமதமாக எடுங்கள், அதுவரை அவர் படுக்கட்டும். எழுந்ததும் நேராக சீட்டில் ஏற்றாதீர்கள். முகம் கழுவி, டீ குடித்து, அரை மணி நேரம் போன பிறகு சாவியைக் கொடுங்கள். அதற்கு மேல் குறைந்தால் வண்டியை ரத்து செய்வதுதான் வழி.