கிட்டை அழித்துவிட்டு மறுபடி போடுவதற்கு முன்

பினாங்கில் சனிக்கிழமைதோறும் சில மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறேன். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்தான் கிட். விண்டோஸில் அது முரண்டு பிடித்தால், உடனே அதை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். முதல் தவறே அதுதான். கோளாறு பெரும்பாலும் கிட்டில் இருப்பதில்லை, விண்டோஸில் பழைய அமைப்பு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வரும் மாணவி ஒருத்தி, இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டு வந்தாள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கு அனுப்ப புஷ் கொடுத்தால் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. அந்தச் செய்தியை முழுசாகப் படிக்கச் சொன்னேன். ‘டினைட் டு’ என்பதற்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது. “சார், இது எங்க அண்ணன் பேரு!” என்றாள். அண்ணன் கொடுத்த மடிக்கணினி அது. அவருடைய கிட்ஹப் நுழைவு, கன்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜரில் பத்திரமாக இருந்தது. கிட்டை எத்தனை தடவை அழித்தாலும் அது போகாது. அந்த ஒரு வரியை நீக்கினோம். அடுத்த புஷ்ஷில் பிரவுசர் திறந்து, யார் என்று கேட்டது. அவ்வளவுதான்.

அதற்கு முன் அவள் கிட் அமைப்பில் யூசர்.நேம், யூசர்.ஈமெயில் இரண்டையும் மாற்றிப் பார்த்திருந்தாள். பலரும் செய்வதுதான். அவை கமிட்டில், அதாவது பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்திலும், ஒட்டும் பெயர்ச்சீட்டு மட்டுமே, உள்நுழைவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பதிலும் பயனில்லை. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக கிட்ஹப் உருவாக்கித் தரும் டோக்கன் வேண்டும், இல்லையென்றால் பிரவுசர் வழியாக நுழைய வேண்டும்.

கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பை வைத்து இணையும் எஸ்எஸ்எச் முறையைப் பயன்படுத்துகிறவர்கள் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸுக்கென்று ஒரு எஸ்எஸ்எச் நிரல் உண்டு, கிட் தன்னோடு இன்னொன்றைக் கொண்டுவருகிறது. சாவியை, அதை நினைவில் வைத்திருக்கும் விண்டோஸ் ஏஜென்ட்டில் சேர்த்தால், கிட்டின் எஸ்எஸ்எச் அதைப் பார்ப்பதில்லை. கிட்டின் கோர்.எஸ்எஸ்எச்கமாண்ட் (core.sshCommand) அமைப்பில் விண்டோஸின் எஸ்எஸ்எச் இருக்கும் பாதையைக் கொடுங்கள், சரியாகிவிடும்.

நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோட் ‘கிட் இல்லை’ என்று சொல்கிறதா? கிட் போடும்போது அது திறந்தே இருந்திருக்கும். எல்லாச் சன்னல்களையும் மூடித் திறங்கள்.

ஒரு வரிதான் மாற்றினேன், கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறதே என்றால், வரிமுடிவுதான் காரணம். விண்டோஸ் அதற்கு இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்று. ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் வரிமுடிவை மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் (core.autocrlf) அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் குழப்பம் தீராது. திட்டத்துக்குள்ளேயே வரிமுடிவு விதியைச் சொல்லும் ஒரு கிட்ஆட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பு வைத்துவிடுங்கள், எல்லோருக்கும் ஒரே விதி. அப்புறம், திட்டத்தை ஒன்டிரைவ் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். கிட் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது ஒத்திசைக்கப் பார்க்கும்.

நமக்கே உரிய ஒன்றும் உண்டு. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், கிட் ஸ்டேட்டஸ் கட்டளை கொடுக்கும்போது \340\256 என்று எண்களாக வரும். கோப்பு கெட்டுவிட்டதென்று பயந்து ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அவற்றைத்தான் கிட் எண்ணாகக் காட்டுகிறது. கிட்டின் கோர்.கோட்பாத் (core.quotepath) அமைப்பை ஃபால்ஸ் (false) என்று வையுங்கள், பெயர் தமிழிலேயே தெரியும்.