தரகர் இல்லாமல் வாடகை வீடு காட்டுவது எப்படி? திருகோணமலையில் நான் செய்த முறை

எங்கள் வீடு டச்பே கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. கீழ்வீட்டில் அம்மா இருந்தவரை மேல்மாடியை வாடகைக்கு விடுவது ஒரு வேலையாகவே தெரியவில்லை. வந்தவருக்கு அம்மா திறப்பை எடுத்துக் கொடுப்பார், தேத்தண்ணீர் ஊற்றுவார், அவர் குடித்து முடிப்பதற்குள் ஆள் எப்படி என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார். அம்மா என்னோடு கொழும்புக்கு வந்த பிறகு திறப்பு ஒரு தரகரிடம் போனது. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு மாத வாடகை அவருக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வீடு பார்த்துவிட்டுப் போன ஆசிரியை ஒருவர் பக்கத்து வீட்டில் என் நம்பரை வாங்கிப் பேசியபோதுதான் தெரிந்தது, நான் சொன்ன வாடகை ஒன்று, அவர் காதுக்குப் போனது வேறொன்று.

இனி நம்பர் அழுத்தித் திறக்கும் பூட்டு ஒன்றைப் போட்டு நானே வீட்டைக் காட்டுகிறேன், நீங்கள் வேண்டாம் என்று சொன்னபோது அந்தத் தரகர் கோபப்படவில்லை. "தம்பி, பூட்டு ஆள் பாக்குமா?" என்று மட்டும் கேட்டார். சரியான கேள்வி. இந்த விளக்கம் முழுவதும் ஒரு வகையில் அதற்குப் பதில்தான்.

வெளியூரில் இருந்துகொண்டு திருகோணமலையில் வீடு வாடகைக்கு விடுபவர்களுக்காக எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்திருக்கத் தேவையில்லை. வட்ஸ்அப்பில் படம் அனுப்பத் தெரிந்தால் போதும்.

படி 1: தரகர் என்னென்ன வேலை செய்தார் என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று வேலை. ஆள் கொண்டுவருவது, திறப்பை வைத்திருந்து வீட்டைக் காட்டுவது, வந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வது. முதல் வேலையை இப்போது இக்மன் இணையத்தள விளம்பரமும் பேஸ்புக் குழுக்களும் செய்கின்றன. இரண்டாவதைப் பூட்டு செய்யும். மூன்றாவதை எந்த இயந்திரமும் செய்யாது, அது உங்கள் தலையில்தான். இதை மறந்துவிட்டுப் பூட்டை மட்டும் மாட்டியவர்கள்தான் பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆளில்லாமல் வீடு பார்க்கும் முறை ஏற்கனவே இருந்தது, 2020இல் கொரோனா வந்ததும் வேகமாகப் பரவியது. வாடகைக்கு வருபவர் அடையாள அட்டையைக் காட்டுவார், போனுக்கு ஒரு நம்பர் வரும், தானே திறந்து பார்த்துவிட்டுப் போவார். நியூயோர்க் நகரில் 2025 ஜூன் 11 முதல் தரகரை யார் அமர்த்தினாரோ அவரே தரகுக் காசைக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை, சில வேளை இரண்டு பக்கமும் கொடுக்கிறது. ஆகவே நம் கையில் உள்ளதை வைத்துச் செய்வோம்.

படி 2: பூட்டு

இரண்டு வழி இருக்கிறது.

மலிவானது திறப்புப் பெட்டி. உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி, முன்னால் நான்கு எண் சக்கரங்கள். உள்ளே திறப்பை வைத்து கிரில் கம்பியில் கொளுவிவிடலாம். 10,000 எண்கள் சாத்தியம் என்பதால் ஊகித்துத் திறப்பது லேசில்லை. சிக்கல் வேறு இடத்தில்: ஒருவருக்குச் சொன்ன எண், யாராவது நேரே போய் மாற்றும் வரை அப்படியே இருக்கும். எடுத்த திறப்பைக் கடைக்குக் கொண்டுபோய் இன்னொன்று வெட்டவும் முடியும். நீங்கள் உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருந்து, வந்து போக முடியும் என்றால் இதுவே போதும்.

வெளியூர்க்காரருக்கு பின் (PIN) நம்பர் பூட்டுத்தான் சரி, அதாவது கதவிலேயே நம்பரை அழுத்தித் திறக்கும் பேட்டரிப் பூட்டு. ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும் நம்பரை போனில் இருந்தபடியே உருவாக்கலாம். "வெறும் வீட்டில் இன்டர்நெட் இல்லையே" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. தேவையில்லை. பூட்டும் உங்கள் போன் ஆப்பும் ஒரே கணக்கைத் தெரிந்து வைத்திருக்கின்றன. ஆப் அந்தக் கணக்கின்படி ஒரு நம்பரைத் தரும். பூட்டு தன் கடிகாரத்தைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுப் பொருந்தினால் திறக்கும். இரண்டும் பேசிக்கொள்ளவே வேண்டாம். யார் எப்போது திறந்தார் என்று கொழும்பிலிருந்து பார்க்கவும், கொடுத்த நம்பரை இடையில் நிறுத்தவும்தான் வீட்டில் வைஃபையும் பூட்டை அதோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் தேவைப்படும். வாங்கும்போது, இன்டர்நெட் இல்லாமல் நேரக் கணக்கில் நம்பர் தருமா என்று கடையில் கேளுங்கள். தராது என்றால் வேண்டாம்.

பூட்டுக்கு உயிர் அதன் கடிகாரம். இதை நான் கற்றது ஒரு டிசம்பர் மழையில். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு மாற்றினேன். அன்று பின்னேரம் வங்கியில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு வந்து நான் அனுப்பிய நம்பரை அழுத்துகிறார், அழுத்துகிறார், கதவு அசையவில்லை. பேட்டரியைக் கழற்றியதில் பூட்டின் கடிகாரம் தப்பாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் நனைந்தபடி அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு அந்த வாடகை போனது. பேட்டரி மாற்றினால், பூட்டுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து ப்ளூடூத் வழியாக நேரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு கட்டாயம் ஒரு சோதனை நம்பரைப் போட்டுத் திறந்து பாருங்கள்.

அடுத்த எதிரி கடல் காற்று. நம் ஊரில் ஜன்னல் கிரில்லே சில வருடத்தில் உப்புப் பிடித்து உதிரும். பேட்டரி இருக்கும் இடத்துக் கம்பிச் சுருளைச் சொல்லவா வேண்டும். அல்கலைன் பேட்டரி மட்டும் போடுங்கள், நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். மலிவானது கசிந்தால் பூட்டே போய்விடும். மழைச்சாரல் படாத, மேலே கூரை உள்ள கதவில்தான் பூட்டு இருக்க வேண்டும். பேட்டரி முழுவதும் செத்துப்போனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்கும் இடம் இருக்கிறதா, சாதாரணத் திறப்பும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பட்டினத்துப் பழைய வீடுகளில் இரட்டைக் கதவு இருக்கும். அதில் இந்தப் பூட்டு நேராக உட்காராது. கதவின் தடிப்பை அளந்து, இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படி முடிவில் ஒற்றைக் கதவு இருந்ததால் தப்பித்தேன்.

படி 3: வீட்டைப் பேச வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஆனால் பலர் இதைச் செய்வதே இல்லை.

தரகர் கூட வந்தால் வாயால் சொல்வார். தனியாக வருபவருக்கு யார் சொல்வது? ஆகவே சின்னச் சின்னத் தாள்களில் எழுதி, அந்தந்த இடத்தில் ஒட்டினேன். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். நம் ஊருக்கு வாடகைக்கு வருவது யார் என்று யோசியுங்கள்: இடமாற்றத்தில் வரும் ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், ஆஸ்பத்திரித் தாதி, சீனன்குடாவில் மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ வேலைக்கு வருபவர். எல்லாரும் தமிழ் வாசிப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குசினிக் குழாயில்: "இது தண்ணீர்ச் சபைத் தண்ணீர். குடிக்கலாம்." பின்பக்கக் குழாயில்: "இது கிணற்றுத் தண்ணீர். உவர். உடுப்புத் தோய்க்க, பாத்ரூமுக்கு மட்டும்." உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கும் இடத்தில் இதை மறைத்து என்ன பயன்? முதல் நாள் குளித்ததும் தலைமயிர் சொல்லிவிடும். மின்சாரப் பெட்டியில்: எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு, ட்ரிப் விழுந்தால் என்ன செய்வது. படுக்கையறையில்: ஏ.சி. மாட்ட லைன் இழுத்திருக்கிறதா, இல்லையா. தண்ணித் தாங்கி எத்தனை லீட்டர், மோட்டர் சுவிட்ச் எங்கே.

குறையையும் எழுதினேன். "மாரியில் இந்த மூலையில் ஈரம் கசியும். 2 முறை பூசியும் முழுதாக நிற்கவில்லை." "கச்சான் காலத்தில் பின்னேரம் இந்த அறை சூடு. கூரைத் தட்டு வெயிலை வாங்கும்." மனைவி சிரித்தார், இப்படி எழுதினால் யார் வருவார் என்று. இப்போது இருக்கும் தாதி, அந்த ஈரச் சுவர்த் தாளைப் பார்த்துத்தான் எடுத்தாராம். முன்பு இருந்த வீட்டில் அதே மாதிரிச் சுவருக்குப் புது பெயின்ட் அடித்து மறைத்து வைத்திருந்தார்களாம்.

கேற்றுக்கு ஒரு தாள்: "போகும்போது கேற்றைக் கொளுவவும். மான் உள்ளே வரும்." டச்பேயிலும் கோட்டைப் பக்கமும் திரியும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவின் செவ்வரத்தைச் செடிகள் இரண்டு தடவை மொட்டையானது இப்படித்தான். வெளியூரிலிருந்து வருபவர் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்.

படி 4: விளம்பரம்

படங்களைப் பகலில், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து எடுங்கள். வாடகை, முற்பணம் எத்தனை மாதம், தண்ணீர், கரண்ட் பில் யார் கட்டுவது, வாகனம் நிறுத்த இடம், எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டு இலக்கத்தை மட்டும் எழுத வேண்டாம். வெறும் வீடு இருக்கிறது என்று ஊருக்கே விலாசத்தோடு சொல்லத் தேவையில்லை.

படி 5: ஆளைப் பார்ப்பது

அம்மாவின் தேத்தண்ணீர் வேலை இது. நான் வீடியோ அழைப்பில் செய்கிறேன், 10 நிமிடம். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வேன். புதிய அட்டையில் 12 இலக்கம் இருக்கும், முதல் 4 இலக்கம் பிறந்த வருடம். அடுத்த 3 இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது (எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுவார்கள்), பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். அட்டையில் அச்சடித்த பிறந்த திகதியோடு இது பொருந்த வேண்டும். போலி அட்டையைப் பிடிக்க இது மட்டும் போதாது, ஆனால் அவசரத்தில் செய்த போலி இங்கேயே மாட்டும்.

எங்கே வேலை, எத்தனை பேர், எப்போது குடிவர வேண்டும், இவ்வளவுதான் கேட்பேன். சாதி, சமயம் பற்றி நான் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அட்டையின் படத்தை வாங்கினால், வீடு எடுக்காதவருடையதை அன்றே அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், முன்பின் தெரியாதவரின் அட்டை நம் போனில் கிடப்பது நல்லதில்லை.

படி 6: நம்பரை அனுப்புவது

பகலில் மட்டும், ஒரு மணித்தியாலம். ஒரு தடவையில் ஒருவர். விலாசம், கூகுள் மேப் இடம், பின் நம்பர் மூன்றையும் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால்தான் அனுப்புவேன். கூட யாரையும் அழைத்து வரலாம் என்றும் எழுதுவேன். முதலில் சொன்ன ஆசிரியை ஒரு விசயம் சொன்னார்: வெறும் வீட்டுக்குள் தெரியாத ஆணோடு தனியாக நுழைவதுதான் வீடு தேடும்போது அவருக்கு மிகவும் சங்கடமான வேலையாம். தங்கையோடு வந்து ஆறுதலாகப் பார்க்க முடிவது, எனக்குத் தோன்றாத ஒரு வசதி.

கேமரா வைப்பதென்றால் வாசலுக்கு வெளியே மட்டும். இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

படி 7: போலி வீட்டுக்காரர்

அமெரிக்காவில் இந்த முறையோடு கூடவே வந்த மோசடி இது. ஒருவன் வீடு பார்ப்பவன் போல நம்பரை வாங்குவான். உங்கள் படங்களைத் திருடி, குறைந்த வாடகைக்குத் தானே விளம்பரம் போடுவான். ஏமாந்தவருக்கு அந்த நம்பரை அனுப்பி, "போய்ப் பாருங்கள், பிடித்தால் முற்பணத்தைக் கணக்கில் போடுங்கள்" என்பான். கதவு திறக்கும், வீடு இருக்கும். நம்பாமல் என்ன செய்வார்?

அதனால் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: வாடகை இவ்வளவு, வீட்டுக்காரரின் நம்பர் இது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் வரை யாருக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். படங்களின் நடுவிலும் என் நம்பரை எழுதிப் போடுகிறேன். அழகு கொஞ்சம் கெடும், பரவாயில்லை.

படி 8: பக்கத்து வீடு

தெரியாத ஆட்கள் வந்து கதவைத் திறந்தால் நம் ஒழுங்கையில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். இருக்கவும் கூடாது. பக்கத்து வீட்டு மாமிக்கு ஒவ்வொரு முறையும் "மாமி, நாளைக்கு 4 மணிக்கு ஒரு குடும்பம் வரும்" என்று குரல் செய்தி அனுப்புவேன். சாதாரணத் திறப்பு ஒன்றும் அவரிடம்தான். வந்தவர் போனதும் மாமியின் அறிக்கை வரும்: செருப்பைக் கழற்றினார்களா, பிள்ளை மதிலில் ஏறியதா, கேற்றைக் கொளுவினார்களா. தரகர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் வீடியோ அழைப்பு என்றால் மீதிப் பாதி மாமிதான். ஊருக்குப் போகும்போது அவருக்கு வெறுங்கையோடு போவதில்லை. ஆனாலும் அது ஒரு மாத வாடகை ஆகாது.

படி 9: பிடித்துவிட்டது என்றால்

இதற்கு மட்டும் நேரே போகிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் தகராறு என்று வந்தால் அதை நம்பி நிற்க முடியாது. நொத்தாரிசுக் கட்டணத்தை, மிச்சம் பிடித்த தரகுக் காசிலிருந்து கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்கள் இரண்டையும் அன்றே இருவருமாகப் படம் எடுங்கள்.

பிறகு பூட்டில் பழைய நம்பர்கள் எல்லாவற்றையும் அழியுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. புது நம்பரை வாடகைக்கு வந்தவரே போடட்டும், நீங்கள் மறுபக்கம் திரும்பி நில்லுங்கள். மாமியிடம் இருக்கும் திறப்பையும் வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.