வீட்டு பிபி மெஷினின் அளவை ஃபயர் சர்வருக்கு அனுப்புவது எப்படி?

அம்மாவின் ப்ளூடூத் பிபி மெஷின் காட்டும் அளவுகள் நேராக மருத்துவரின் திரைக்குப் போக வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். மெஷினோடு வரும் ஆப்புக்குள்ளேயே அவை பூட்டிக் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? மருத்துவத் தகவல் தரங்களை வகுக்கும் எச்எல்7 அமைப்பின் ஃபயர் (FHIR) தரம், அதாவது மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் பொது வடிவம், அந்தப் பூட்டைத் திறக்கத்தான் இருக்கிறது. ஆர்5 பதிப்பு 2023இல் வந்துவிட்டாலும் ஆர்4-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மென்பொருள்களில் இன்னும் அதுதான் பரவலாக ஓடுகிறது.

படி 1: சர்வர். ஹாப்பி ஃபயர் (HAPI FHIR) என்ற இலவச ஃபயர் சர்வரை, மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கர் மூலம் உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். பொதுச் சோதனை சர்வர்களில் போடுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உண்மையான நோயாளியின் தகவல் அங்கே போகவே கூடாது. ஒரு பேஷண்ட் ரிசோர்ஸ் (நோயாளிக்கான ஃபயர் பதிவு) உருவாக்கி அதன் ஐடியைக் குறித்து வையுங்கள்.

படி 2: வாசிப்பு. ப்ளூடூத்தில் ரத்த அழுத்த சர்வீஸின் எண் 1810. அளவு வருவது அதற்குள் இருக்கும் 2ஏ35 கேரக்டரிஸ்டிக் என்ற தரவுப் புலத்தில். கோட் எழுதும் முன், ப்ளூடூத் கருவிகளைச் சோதிக்கும் என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பில் பைட்டுகளைக் கண்ணால் பாருங்கள். எனக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை. மதிப்புகள் 16 பிட் எஸ்ஃப்ளோட் வடிவில் வரும்: 12 பிட் எண், 4 பிட் பத்தின் அடுக்கு.

படி 3: அப்சர்வேஷன். ஃபயரில் ஓர் அளவீட்டின் பதிவுக்கு அப்சர்வேஷன் என்று பெயர். மேல் அளவு, கீழ் அளவு இரண்டும் ஒரே அப்சர்வேஷனின் இரண்டு காம்போனென்ட்கள் (உட்பகுதிகள்). மொத்தத்துக்கு லோயிங்க் (LOINC, மருத்துவ அளவீடுகளுக்கான பொதுக் குறியீட்டுப் பட்டியல்) குறியீடு 85354-9, மேல் அளவுக்கு 8480-6, கீழ் அளவுக்கு 8462-4. அலகுக் குறியீட்டில் எச்ஜி என்பது சதுர அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும்: mm[Hg].

படி 4: நேரம். இங்கேதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். மெஷின் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் தரும். நேர மண்டலம் மட்டும் தராது. ஃபயரிலோ மணி எழுதினால் மண்டலமும் எழுதியே ஆக வேண்டும். நான் பயன்படுத்திய கோட் லைப்ரரி அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று தானாகவே நிரப்பிவிட்டது. சர்வரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது.

அம்மா காலை மாத்திரைக்கு முன் எடுத்த அளவு, திரையில் பல மணி நேரம் தள்ளி, மாத்திரைக்குப் பிறகு எடுத்தது போல நின்றது. அதைப் பார்க்கும் மருத்துவர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டியிருக்கலாம். இப்போதும் நினைத்தால் பதறுகிறது. ஆகவே மெஷின் தந்த நேரத்தோடு போனின் நேர மண்டலத்தை நீங்களே சேர்த்து எஃபெக்டிவ் டேட்டைம் புலத்தில் எழுதுங்கள். அனுப்பிய நேரத்தை அங்கே போடாதீர்கள்.

படி 5: அனுப்புதல். முதலில் வேலிடேட் (வடிவம் சரியா என்று சர்வரிடம் சோதிப்பது), அப்புறம் போஸ்ட் (பதிவாக அனுப்புவது). பதிவு உருவானதைச் சொல்லும் 201 என்ற பதில் வந்தால் சரி.

பின்சேர்க்கை: ஒரே அளவு இரண்டு முறை பதிவாகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சில மெஷின்கள் மீண்டும் இணையும்போது பழைய அளவுகளையும் அனுப்பும். மெஷினின் வரிசை எண்ணையும் அளவெடுத்த நேரத்தையும் சேர்த்து ஐடென்டிஃபையர் (அடையாளக் குறி) ஆக்கி, ‘ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு’ என்று சொல்லும் இஃப்-நன்-எக்ஸிஸ்ட் ஹெடரோடு அனுப்பினால் இரண்டாவது பதிவு உருவாகாது.

இன்னொருவருக்கு 120 வர வேண்டிய இடத்தில் 16 வந்ததாம். அது கிலோபாஸ்கல். முதல் பைட்டின் 0ஆவது பிட் (வலது ஓரத்தில் இருப்பது) 1 என்றால் அந்த அலகு, 7.5 ஆல் பெருக்கிய பிறகே அனுப்புங்கள்.