கன்றுக்குட்டியின் முன் யாருக்குப் பண்டிகை? விக்கிரகாராதனையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிரகாராதனை என்றதும் பலருக்கு அடுத்த வீட்டுப் பூஜை அறைதான் நினைவுக்கு வருகிறது. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. யாத்திராகமம் 32:5-ஐ நிதானமாக வாசியுங்கள். பொன் கன்றுக்குட்டிக்கு முன்பாகப் பலிபீடம் கட்டிய ஆரோன் (மோசேயின் சகோதரன்), "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் கூறினான். பெயர் கர்த்தருடையது, உருவம் மனிதர் விரும்பியது. பின்னாளில் வட இஸ்ரவேலின் ராஜாவான யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் கன்றுக்குட்டிகளை வைத்தபோதும் இதே கதைதான். ஜனங்கள் தொழுகைக்காக எருசலேமுக்குப் போனால் அங்கே ஆண்ட யூதாவின் ராஜா ரெகொபெயாம் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்ற அரசியல் பயம் அதற்குக் காரணம் (1 இராஜாக்கள் 12:27). யாரைத் தொழுகிறோம் என்பதோடு எப்படித் தொழுகிறோம் என்பதையும் வேதம் கேட்கிறது.

"கத்தோலிக்கர் இரண்டாம் கட்டளையை (உருவங்களைச் செய்து வணங்காதே என்பதை) நீக்கிவிட்டார்கள்" என்று பிரசங்க மேடையில் சொல்வதையும் விட்டுவிடலாம். பத்துக் கட்டளைகளை எண்ணும் முறைதான் வேறு. உருவங்களைப் பற்றிய வசனங்களை முதல் கட்டளையோடு சேர்த்து, இச்சிப்பதைப் பற்றிய கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி லுத்தரின் ஞானோபதேசமும் (விசுவாசப் பாடநூல்) இப்படித்தான் எண்ணுகிறது. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையாரைக் கேட்டுப் பாருங்கள். சொரூபங்களுக்குத் தரும் மரியாதை சரியா என்று வாதாடலாம். ஆனால் சொரூபத்துக்குள் தெய்வத்தன்மை இல்லை என்று திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) 1563-ல் அறிவித்ததையும் தெரிந்துகொண்டு வாதாடுவதே நேர்மை.

உருவம் எதையுமே செய்யக்கூடாது என்பது எதிர்ப்பக்கத் தவறு. உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் மேல், சிறகுள்ள இரண்டு பொற்கேருபீன்களைச் செய்யச் சொன்னவரே கர்த்தர்தான் (யாத்திராகமம் 25:18). நமஸ்கரிப்பதும் சேவிப்பதுமே தடுக்கப்பட்டது.

அதிகம் கவனிக்கப்படாதது வெண்கலச் சர்ப்பம். கர்த்தர் சொல்லி மோசே செய்தது, அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். நூற்றாண்டுகள் கழித்து அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டினார்கள். யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). நல்ல நோக்கத்தோடு வந்த பொருளே விக்கிரகமாகும் வழி இது. இன்று ஜெபித்த எண்ணெய்ப் புட்டி, தலையணைக்கடியில் வேதாகமம், வண்டியில் தொங்கும் சிலுவை. இவற்றை வைத்திருப்பது குற்றமில்லை. அது தொலைந்துபோனால் பாதுகாப்பே போய்விட்டதென்று மனம் பதறுமானால், எசேக்கியாவின் சுத்தியலுக்கு வேலை இருக்கிறது.

"ஆவியோடும் உண்மையோடும்" தொழவேண்டும் (யோவான் 4:24) என்பதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் 22-ம் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள்" என்று இயேசு சமாரியப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வருகிறார். கண்ணீர் வந்ததா, சத்தம் உயர்ந்ததா என்பது அங்கே அளவுகோல் இல்லை.

விக்கிரகத்துக்குப் படைத்த உணவைப் பற்றிய குழப்பத்துக்குப் பவுல் கொரிந்தியருக்கு மூன்று இடங்களைப் பிரித்துக் காட்டுகிறார். விக்கிரகத்தின் பந்தியில் உட்காராதே (1 கொரிந்தியர் 10:21). கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு (25). அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் வைப்பதைச் சாப்பிடு. "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால் மட்டும், அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடு (27, 28).