மூணாறு குளிரில் கீசர் பத்தவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

டிசம்பர் பிறந்தால் விடியற்காலை ஐந்தரைக்கே எனக்குப் போன் வரும். "தம்பி, கீசர் பத்த மாட்டேங்குது, பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு." செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நேரம் அது. கேஸ் கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், இதில் பல வேலைகளுக்கு நான் வரவே வேண்டாம்.

கேஸ் வாடை அடித்தால் மட்டும் எதையும் சோதிக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

வாடை இல்லையா? சரி, வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து கீசர் பக்கம் காதைக் கொடுங்கள். டிக் டிக் என்று பொறி அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும்.

சத்தமே இல்லை என்றால் கேஸ் பக்கம் போகாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பேட்டரியில் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரில். கீசருக்கு அடியில் இருக்கிற டப்பாவில் டார்ச்சுக்குப் போடுகிற பெரிய பேட்டரி இரண்டு இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தகட்டில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி வேண்டாம். அது 1.2 வோல்ட்தான், இதற்கு 1.5 வேண்டும்.

பேட்டரி புதிது, அப்புறமும் சத்தம் இல்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் வேகமாக வந்தால்தான் உள்ளே இருக்கிற டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு நகர்ந்து சுவிட்சைத் தட்டும். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், ஓடைத் தண்ணீர் வருகிற வீடுகளில் இதுதான் பெரிய தொல்லை. பச்சைத்தண்ணீர் கீசருக்குள் நுழைகிற இடத்தில் சின்ன வலை ஒன்று இருக்கும். தண்ணீர் வால்வை மூடிவிட்டு நட்டைக் கழற்றி வலையை எடுத்தால் மணலும் இலைத்தூளும் அப்பியிருக்கும். பழைய பல் பிரஷ் போதும். ஷவரில் மட்டும் பத்தாமல் பக்கெட் குழாயில் பத்துகிறது என்றால் ஷவர் தலையில் அடைப்பு.

டிக் டிக் கேட்கிறது, தீ மட்டும் வரவில்லை என்றால் கேஸ் வந்து சேரவில்லை. புது சிலிண்டர் மாற்றியிருந்தால் டியூபில் காற்று நிற்கும். வெந்நீர்க் குழாயை நாலைந்து தடவை திறந்து மூடினால் சரியாகிவிடும். மாற்றவில்லை என்றால் அடுப்பைப் பத்த வைத்துப் பாருங்கள். அதே சிலிண்டரில் அடுப்பும் சோர்ந்து எரிந்தால் குளிர்தான் காரணமாக இருக்கும். நம் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. ராத்திரி முழுக்க வெளியே பனியில் நின்ற சிலிண்டரில் அது ஆவியாகத் திணறும். எளிதில் ஆவியாகிற புரொப்பேன் முதலில் குறைந்துவிடுவதால், தீரப்போகிற சிலிண்டர்தான் அதிகம் மக்கர் பண்ணும். வெயில் ஏறட்டும், தானே வழிக்கு வரும். அவசரப்பட்டு அதன் பக்கத்தில் தீ மூட்டாதீர்கள், கொதிநீரும் ஊற்றாதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள்.

பத்திப் பத்தி அணைந்தாலோ, நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் வால்வை நீங்களே பிரிக்க வேண்டாம்.

இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் தங்கை வீட்டில் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலில் துணி அடைத்திருந்தாள். காற்றோட்டம் இல்லாமல் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேரும், அதற்கு வாடை கிடையாது. கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்கினோம், நல்லவேளை பிழைத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டினேன். எட்டடி பைப்பும், மழைக்கு மேலே ஒரு தகரமும்தான் கூடுதல் செலவு.