பல தானிய விதைப்பில் சறுக்கும் இடங்கள்

கோடை மழை ஈரத்தில் பல தானியம் விதைத்து, பூக்கும்போது மண்ணுக்கு உரமாக மடக்கி உழும் வழக்கம் பெருகியிருக்கிறது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் உரம் என ஐந்து பிரிவிலும் நான்கு நான்காக இருபது விதை. ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல். இருபதையும் தேடிச் சேர்ப்பவர்கள், எது என்ன வேலை செய்யும் என்று யோசிப்பதில்லை.

பசுந்தாள் பயிரான சணப்பையும், தட்டைப்பயறும் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடிக்கும். கம்பு, சோளத்தின் சல்லிவேர் மழையில் மண் கரையாமல் காக்கும். கொத்தமல்லிப் பூவுக்குத் தேனீ வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சோளத்தை அள்ளிப் போட்டால், பயறு நிழலில் நோஞ்சானாகும். உழுத பிறகு அந்தச் சக்கையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் அடுத்த பயிரும் வெளுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கலந்து வீசுவதும் தவறு. கடுகும் எள்ளும் சாக்கின் அடிக்கு இறங்கி, கடைசியாக விதைக்கும் மூலையிலேயே குவிந்துவிடும். பெருவிதையை முதலில் விதைத்து உழுதுவிட்டு, சிறுவிதையை மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள்.

அடுத்தது நான் செய்த தவறு. 45-50 நாளில், பூவெடுக்கும்போதே மடக்கி உழ வேண்டும். பச்சை கண்ணுக்கு நிறைவாக இருந்ததால் எழுபது நாள் விட்டுவைத்தேன். சணப்பைத் தண்டு நாராகி ரோட்டவேட்டர் கத்தியில் கயிறாகச் சுற்றிக்கொண்டது. அரிவாளால் அறுத்தெடுக்கவே அரை நாள் போனது. வெடித்துச் சிதறிய பாசிப்பயறு அடுத்த போகத்தில் களையாக முளைத்தது தனிக்கதை. மடக்கிய மறுநாளே நாற்று நடுவதும் வேண்டாம். தழை அழுகும் சூட்டில் இளவேர் கருகும். காய்கறிக்கு இரண்டு வாரமாவது பொறுங்கள்.

தக்காளி, கத்தரி நடும் நிலத்தில் வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழு இருந்தால் தட்டைப்பயறு அதற்கு விருந்து. அங்கே சணப்பையைக் கூட்டுங்கள், அது நூற்புழுவை அடக்கும். பயறுச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது தழைச்சத்தைப் பிடிக்கும் நல்ல வேர்முடிச்சு. வேரே வீங்கி, உதிராமல் நின்றால் நூற்புழுதான்.

தழையை மாட்டுக்கு அறுத்துப்போடும் ஆசையும் வரும். இளஞ்சோளத்தில், அதுவும் வெயிலில் வாடிய பயிரில், சயனைடு நஞ்சு உண்டு. ஆமணக்கும் ஆகாது. மடக்கும்வரை மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள்.